தொலைக் கல்வியும் ஆய்வுத் திட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

பகலெல்லாம் வகுப்பறையில் நின்று கற்பித்து, மாலையில் மாணவர் ஏடுகளைத் திருத்தி, வீட்டு வேலைகள் ஓய்ந்த பின்னர் இரவில் தமக்கென்று ஒரு நூலை விரித்து உட்காரும் ஆசிரியர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பலர். அவர்களுட் சிலர் பணியை விடாமலே முதுகலைப் பட்டத்திற்குத் தொலைக் கல்வி வழியாகப் பதிவு செய்துகொள்கின்றனர். பாடத் தேர்வுகளை நன்றாகவே எழுதி முடிக்கின்றனர். அதன் பின்னர், ‘நீவிர் செய்யப் புகும் ஆராய்ச்சிக்குத் திட்டம் ஒன்று எழுதி அனுப்புக’ என்று பல்கலைக் கழகத்திலிருந்து கடிதம் வருகிறது. வேண்டப்படுவன சில பக்கங்களே. ஆயினும் அச்சில பக்கங்களிலேயே தடைப்பட்டு நின்றுவிடுவோர் பலராவர்.

அறிவுக் குறைவோ முயற்சிக் குறைவோ இதற்குக் காரணமன்று. நல்ல தேர்வு எழுதத் தெரிந்தவர்கள், நல்ல பாடம் நடத்தத் தெரிந்தவர்கள், இந்த ஓரிடத்தில் மட்டும் திகைப்பானேன்? விடை தொலைக் கல்வியின் வரலாற்றில் உளது. ஆய்வுத் திட்டம் என்பது பல்கலைக் கழக அலுவலகம் கேட்கும் வெறும் விண்ணப்பத் தாள் என்று நாம் எண்ணுகிறோம். அஃது எவ்வாறு பிறந்தது, எதன் இடத்தை நிரப்ப வந்தது என்பதை அறிந்துகொண்டால், அதனை எழுதும் வழியும் ஓரளவு தெளிவாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழர் கண்ட பாயிரம்

நூலின் இயல்பை முன்னரே எடுத்துரைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ‘பாயிரம் இல்லாத நூல் நூலாகாது’ என்பது நம் இலக்கண ஆசிரியர்களின் கொள்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் சிறப்புப் பாயிரத்தின் உறுப்புகளைத் தெளிவாக வகுக்கிறது. நூலை ஆக்கியோன் பெயர், அந்நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்று கொள்வாரும் உளர்.

இவ்வுறுப்புகளை இற்றைப் பல்கலைக் கழகம் வேண்டும் ஆய்வுத் திட்டத்தோடு வைத்து நோக்குக. நூற்பெயர் என்பது ஆய்வுத் தலைப்பு. வழி என்பது முன்னோர் இப்பொருள் பற்றிச் செய்துள்ள ஆராய்ச்சியும், அதனின்று நம் ஆராய்ச்சி கிளைக்கும் இடமும் ஆகும். எல்லை என்பதைப் பழைய உரையாசிரியர்கள் நூல் வழங்கும் நிலப்பரப்பு என்றனர். ஆராய்ச்சிக்கு அதனை இட எல்லையாகவும் கால எல்லையாகவும் விரித்துக்கொள்ளலாம். யாப்பு என்றது செய்யுளிலக்கணத்தை மட்டுமன்று. தொகுத்தும் விரித்தும் நூலை யாக்கும் முறையையும் அது குறிக்கும். ஆகவே ஆய்வு முறை அதனுள் அடங்கும். நுதலிய பொருள் என்பது ஆய்வு வினா. கேட்போரும் பயனும், இவ்வாராய்ச்சியால் யாருக்கு என்ன நன்மை என்ற வினாவிற்கு விடையாவன.

இவை இரண்டும் முற்றிலும் ஒன்றே என்று நாம் வாதிக்கவில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. அதுவே நம் பொருளுக்கு இன்றியமையாதது. பாயிரம், முடிந்த நூலுக்குப் பிறர் தருவது. ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரை செய்தவனோ அதனைச் செய்தல் மரபு. நூலாசிரியன் தானே தன்னைப் புகழ்தல் தகாது என்பது கருத்து. ஆய்வுத் திட்டமோ, இன்னும் பிறவாத நூலுக்கு அதனை ஆக்கப் போகிறவனே எழுதுவது. ஆகவே அதில் புகழ்ச்சிக்கு இடமில்லை, வாக்குறுதிக்கே இடம். ‘இதனை இவ்வளவில், இவ்வாறு, இக்காலத்துள் செய்வேன்’ என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒப்பந்தம் அது.

அஞ்சல் வந்தது, கல்வியும் வந்தது

தொலைக் கல்வியின் வரலாறு பல்கலைக் கழகத்தில் தொடங்கவில்லை. அஞ்சல் நிலையத்தில் தொடங்குகிறது. 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பென்னி செலவில் நாட்டின் எம்மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதனைக் கண்ட ஐசக் பிட்மன் என்பார் தாம் அமைத்த சுருக்கெழுத்து முறையை அஞ்சல் வழியே கற்பிக்கத் தொடங்கினார். பாடம் போகும்; மாணவர் பயின்று எழுதியது திரும்பி வரும்; திருத்தப்பட்டு மீண்டும் போகும். இன்று நாம் காணும் தொலைக் கல்வி அனைத்திற்கும் இம்மூன்று பயணங்களே அடிப்படை.

பல்கலைக் கழகங்களுள் இவ்வழியில் முதலில் கதவு திறந்தது இலண்டன் பல்கலைக் கழகம். 1836-இல் தோன்றிய அப்பல்கலைக் கழகம், தொடக்கத்தில் குறிப்பிட்ட கல்லூரிகளில் பயின்றவர்களுக்கே பட்டம் வழங்கியது. 1858-இல் பெற்ற புதிய சாசனத்தால் அக்கட்டுப்பாடு பெரும்பாலும் நீங்கியது. எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய் என்று கேளாமல், தேர்வில் தேறுகின்றாயா என்பதை மட்டும் பார்த்துப் பட்டம் அளிக்கும் முறை அப்போது பிறந்தது. 1878-இல் பெண்களுக்கும் பட்டம் அளிக்க அது முன்வந்தது. கல்லூரி வாயிலை மிதிக்க வசதியற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும், பிரிட்டனுக்கு வெளியே வாழ்ந்த குடியேற்ற நாட்டு மக்களும் இக்கதவின் வழியே நுழைந்தனர்.

தனியே படிப்போர்க்குத் துணை வேண்டுமல்லவா? 1887-இல் வில்லியம் பிரிக்ஸ் என்பார் கேம்பிரிட்ஜில் அஞ்சல் வழிக் கல்லூரி ஒன்றை நிறுவி, இலண்டன் தேர்வுகளுக்கு மாணவர்களைப் பயிற்றினார். பின்னாளில் அறிவியற் புனைகதைகளால் உலகப் புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ் 1890-இல் இலண்டன் பல்கலைக் கழகத்தில் இவ்வாறு வெளி மாணவராகவே அறிவியற் பட்டம் பெற்றார். அந்த அஞ்சல் வழிக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இலங்கையில் 1921-இல் கொழும்புப் பல்கலைக் கழகக் கல்லூரி தோன்றிய பின்னரும் அங்குப் பயின்றவர்கள் இலண்டன் பட்டத்திற்கே தேர்வு எழுதினர். 1942-இல் இலங்கைப் பல்கலைக் கழகம் நிறுவப்படும் வரை இந்நிலையே நீடித்தது. ஈழத்துத் தமிழறிஞர் பலரின் பெயருக்குப் பின்னால் ‘இலண்டன்’ என்ற சொல் நிற்பதன் காரணம் இதுவே.

இதே காலத்தில் தமிழ்க் கல்விக்கும் இத்தகைய கதவு ஒன்று திறந்திருந்தது என்பதை மறத்தலாகாது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியான தேர்வுகளை நடத்தியது. சங்கத்தின் கல்லூரியில் அமர்ந்து பயிலாதவர்களும், கடல் கடந்து ஈழத்தில் இருந்தவர்களும் அத்தேர்வுகளுக்குப் படித்துத் தேறினர்.

ஓர் ஆசிரியரின் எடுத்துக்காட்டு

இவ்விரு கதவுகளின் வழியாகவும் நுழைந்த ஒருவரை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892-இல் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் விபுலாநந்த அடிகளாராகத் தமிழுலகம் போற்றியவர், 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி, 1920-இல் இலண்டன் பல்கலைக் கழகத்தின் அறிவியற் பட்டத்தையும் பெற்றார். இலண்டனுக்குச் சென்று பயின்றாரல்லர். தம் பணியிடத்திலிருந்தே பயின்றார். ஒரு கையில் தொல்காப்பியம், மற்றொரு கையில் இயற்பியல் நூல் என்று இருந்த ஆசிரியர் அவர்.

பின்னர் 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943-இல் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். அவருடைய பேராராய்ச்சி நூலாகிய யாழ்நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அரங்கேற்றம் நிகழ்ந்த சில வாரங்களுள் அடிகளார் மறைந்தார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயன் அந்நூல்.

அத்துணைப் பெரிய நூல் எங்கே தொடங்கியது? ‘தமிழிசையின் வரலாறு’ என்ற பெரும் பரப்பில் அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் தகுதியைக் கூறும் சில அடிகளில் தொடங்கியது. அவ்வடிகளுக்குப் பொருள் காண வேண்டுமென்றால் வழக்கொழிந்த யாழ்க் கருவிகளின் அமைப்புத் தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமென்றால் நரம்புகளின் இசைக் கணக்குத் தெரிய வேண்டும். அறிவியல் கற்ற ஆசிரியராதலின் கணித வழியே அவ்வளவைகளை ஆராய அவரால் இயன்றது. சிறிய வினா ஒன்றைப் பற்றிக்கொண்டு, தமக்குக் கைவந்த கருவியால் அதனைத் தோண்டினார். பெரிய ஊற்று வெளிப்பட்டது. ஆய்வுத் திட்டம் எழுதப் புகும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

தேர்வுக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வேற்றுமை

இலண்டன் முறை தேர்வை நம்பியது. தேர்வுக்குப் பாடத்திட்டம் உண்டு. பாடத்திட்டத்தைப் பல்கலைக் கழகமே அச்சிட்டு அனுப்பும். எந்நூலைப் படிப்பது, எதுவரை படிப்பது, எப்போது நிறுத்துவது என்பனவெல்லாம் அதில் இருக்கும். தொலைவில் இருக்கும் மாணவனுக்கு அத்தாளே ஆசிரியன்.

ஆராய்ச்சியோ வேறு மண்ணில் வளர்ந்த பயிர். 1810-இல் நிறுவப்பட்ட பெர்லின் பல்கலைக் கழகம் முதலான ஜெர்மானியப் பல்கலைக் கழகங்களில், பேராசிரியரும் சில மாணவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, மூல ஏடுகளை முன்வைத்து வாதிட்டு ஆராயும் முறை தழைத்தது. மாணவன் ஒரு கருத்தைச் சொல்வான், ஆசிரியர் மறுப்பார், உடனிருப்போர் வினவுவர், மாணவன் மறுநாள் தன் கருத்தைத் திருத்திக்கொண்டு வருவான். இம்முறையை அமெரிக்கர் மேற்கொண்டு, 1861-இல் ஏல் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டம் வழங்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் 1917-இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதனை ஏற்றது. பிற பல்கலைக் கழகங்களும் தொடர்ந்தன.

அந்த மேசையைச் சுற்றி அமர்ந்த மாணவனுக்கு ஆய்வுத் திட்டம் என்பது பேச்சிலேயே உருவாகிவிடும். எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவனுடைய ஆசிரியர்க்கு அவன் செய்வது தெரியும். ஐந்நூறு கல் தொலைவில் இருப்பவனுக்கு அந்த மேசை இல்லை. பாடத்திட்டமும் இல்லை; ஏனெனில் இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்யப் புகுகின்றான். ஆகவே அவன் தனக்கான பாடத்திட்டத்தைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியவனாகிறான். அதுவே ஆய்வுத் திட்டம். தேர்வுகளில் சிறந்து விளங்கியவர்கள் இங்கே திகைப்பதன் காரணமும் இப்போது புலனாகும். பிறர் எழுதிய பாடத்திட்டத்தைப் பின்பற்றுவதில் அவர்கள் வல்லவர்கள்; தாமே ஒன்றை வகுக்க எவரும் அவர்களைப் பழக்கவில்லை.

அஞ்சல் வழியே உயர்கல்வி அளிப்பதையே தன் முழுப் பணியாகக் கொண்ட பல்கலைக் கழகங்களுள் தென்னாப்பிரிக்கப் பல்கலைக் கழகம் மூத்தது. 1873-இல் வேறு பெயரில் தேர்வு நடத்தும் நிறுவனமாகத் தோன்றி, 1946 முதல் அஞ்சல் வழியே கற்பிக்கலாயிற்று. சிறையில் இருந்தபடியே நெல்சன் மண்டேலா 1989-இல் சட்டப் பட்டம் பெற்றது இப்பல்கலைக் கழகத்தில்தான். முதுகலை, முனைவர் பட்டங்களுக்குப் பயில்வோர் ஆய்வேட்டில் கைவைக்குமுன் திட்டத்தை எழுதி ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி அங்கு உண்டு. 1969-இல் சாசனம் பெற்று 1971-இல் மாணவரைச் சேர்த்த பிரிட்டனின் திறந்த பல்கலைக் கழகம், அஞ்சலோடு வானொலியையும் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டது. கருவி மாறிற்றேயன்றி அடிப்படை மாறவில்லை. எழுதிய பக்கமே மாணவனை ஆசிரியனோடு பிணைத்தது.

நம் நாடுகளில்

மலாயாப் பல்கலைக் கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. 1956-இல் அதில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது; பின்னர் அத்துறை கோலாலம்பூர் வளாகத்திற்கு வந்தது. 1961 முதல் 1969 வரை அங்குப் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார், தாமே இலண்டன் பல்கலைக் கழகத்தில் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அவர் ஆற்றிய பணியை நாடறியும். அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக் கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய தமிழாய்வு நூல் வழிகாட்டியைப் பலர் அறியார். தமிழ் பற்றிய நூல்களை வகைப்படுத்திப் பட்டியலிடும் நூல் அது. பெரிய நூலகத்திற்கு அருகில் வாழாத ஆய்வாளனுக்கு, எவ்வெந்நூல்கள் உலகில் உள்ளன என்பதை முதலில் அறிவிக்கும் பட்டியலே பெருந்துணை என்பதை அடிகளார் உணர்ந்திருந்தார்.

பினாங்கில் 1969-இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் 1971-இலேயே வளாகத்துக்கு வெளியே பயிலும் திட்டத்தைத் தொடங்கியது. இந்நாட்டில் பல்கலைக் கழக அளவில் தொலைக் கல்விக்கு அதுவே முதல் முயற்சி. பயன் பெற்றவர்களுள் பள்ளி ஆசிரியர்கள் பெரும்பகுதியினர். தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக் கழகம் 1981-இலும் தொடங்கிய அஞ்சல் வழிப் படிப்புகளால் நம் ஆசிரியர்களும் பட்டம் பெற்றுள்ளனர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 2006-இல் பினாங்கில் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் தோன்றின.

பட்டத்திற்குப் பதிவு செய்யுமுன் விதிகளை அறிதல் வேண்டும் என்பதற்கு அண்மை வரலாறே சான்று. இந்தியாவில் ஒரு காலத்தில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையும் தொலைக் கல்வி வழியே சில பல்கலைக் கழகங்கள் வழங்கின. 2009-ஆம் ஆண்டு விதிகளால் இந்தியப் பல்கலைக் கழக மானியக் குழு, ஆய்வியல் நிறைஞர், முனைவர் பட்டங்களைத் தொலைக் கல்வியில் நடத்தலாகாது என்று தடுத்தது. 2022-ஆம் ஆண்டு விதிகளோ ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையே நிறுத்திவிட்டன. பணி செய்துகொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்ய அங்கு இடமுண்டு. ஆனால் அது தொலைக் கல்வியன்று. எப்பட்டம் எந்நாட்டில் ஏற்கப்படும் என்பதைப் பல்கலைக் கழகத்திடமும், மலேசியாவாயின் தகுதி ஏற்பு நிறுவனத்திடமும் எழுத்து மூலம் உறுதி செய்துகொண்ட பின்னரே கட்டணம் செலுத்துதல் அறிவுடைமை.

தலைப்பைச் சுருக்கும் வகை

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு திட்டம் அமைக்கும் முறையைக் காண்போம். பேராக் மாநிலத் தோட்டப் பகுதியில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ‘மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாறு’ என்ற தலைப்பை எழுதி அனுப்புகின்றார் என்று கொள்வோம். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பு முதல் இன்று வரை இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட பரப்பு அது. நெறியாளர் ‘மிக விரிந்தது’ என்று ஒரு வரி எழுதித் திருப்பியனுப்புவார். ஆசிரியை மனம் சோர்வார். மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தால் அரைமணி நேரப் பேச்சில் தீர்ந்திருக்கக் கூடியது, கடிதப் போக்குவரத்தில் அரையாண்டை விழுங்கிவிடும்.

அவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய முதல் வினா, ‘எனக்கு எது விருப்பம்?’ என்பதன்று, ‘என் கைக்கு எட்டும் சான்று எது?’ என்பதே. அவர் பள்ளியின் நிலைப்பேழையில் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. மாணவன் பெயர், தந்தை பெயர், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்ற கட்டங்கள் அதில் உள்ளன. தோட்டத்தில் முன்பு பால்மரம் வெட்டிய பாட்டிமார் சிலர் அண்டையிலேயே வாழ்கின்றனர். இவ்விரு சான்றுகளையும் வைத்து அவர் தம் வினாவை இவ்வாறு அமைக்கலாம்: ‘1950 முதல் 1969 வரை இத்தோட்டப் பள்ளியில் சேர்ந்த ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் எவ்வகுப்போடு நீங்கினர்? பதிவேடு கூறும் காரணமும் நீங்கியவர்கள் நினைவுகூரும் காரணமும் ஒத்துள்ளனவா?’

இவ்வினா சிறியதுதான். ஆயினும் இதனுள் பெரிய வரலாறு அடங்கியுள்ளது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் குடும்பங்கள் இடம்பெயர்ந்த துன்பம், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட மூத்த பெண்ணின் நிலை ஆகிய யாவும் அந்த ஒரு கட்டத்தில் எழுதப்பட்ட ‘காரணம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கலாம். இருக்கின்றனவா என்பதை ஆராய்ச்சியே சொல்லும். திட்டத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவது பிழை.

திட்டத்தின் உறுப்புகள்

வினா அமைந்த பின்னர் மற்றவை எளிதாகும். முன்னோர் ஆராய்ச்சியைக் கூறும் பகுதியில், படித்த நூல்களையெல்லாம் வரிசையாக அடுக்குதல் போதாது. இவர் இதனைக் கண்டார், அவர் அதனைக் கண்டார், ஆனால் பள்ளியைவிட்டு நீங்கிய பிள்ளைகளின் வாய்மொழியையும் பதிவேட்டையும் ஒப்பிட்டார் இலர் என்று, தம் ஆராய்ச்சி நிற்கும் இடத்தைக் காட்ட வேண்டும். உண்மையிலேயே எவரும் ஒப்பிடவில்லையா என்பதைத் தேடிப் பார்த்த பின்னரே அவ்வாறு எழுதலாம்.

தேடுதற்கு முன்னில்லாத வசதிகள் இன்றுள்ளன. 1994-இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக் கழகம் (இன்று தமிழ் இணையக் கல்விக் கழகம்), 2005-இல் ஈழத்து நூல்களுக்காகத் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகியவை பழந்தமிழ் நூல்களையும் இதழ்களையும் காத்துத் தருகின்றன. 1887-இல் வெளிவரத் தொடங்கிய சிங்கை நேசன், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு ஆகியவற்றின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் எண்மப்படுத்தியுள்ளது.

ஆய்வு முறையைக் கூறும் பகுதியில் ஒவ்வொரு சான்றையும் எவ்வாறு கையாள்வார் என்பதைச் சொல்ல வேண்டும். எத்தனை பதிவுகள் உள்ளன என்று பக்கங்களை எண்ணிப் பார்த்த பின்னர் எழுதுவது நலம். எத்தனை பேரைக் கண்டு பேசுவார், என்ன வினாக்களைக் கேட்பார் என்பனவும் வேண்டும். பதிவேட்டில் உள்ள பெயர்களை ஆய்வேட்டில் வெளியிடாமை, முதியோரிடம் பேசுமுன் அவர்தம் இசைவு பெறுதல், பள்ளியில் ஆராய்வதற்குக் கல்வி அமைச்சின் அனுமதி பெறுதல் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். அனுமதி பெறுவதற்கும் காலம் பிடிக்குமாதலின், காலத் திட்டத்தில் அதற்கும் இடம் ஒதுக்குக. தேர்வு மாதங்களில் ஆசிரியர் எவராலும் ஆய்வேடு எழுத இயலாது. அதனை மறைத்து மாதம் ஓர் இயல் முடிப்பேன் என்று எழுதுவது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

எழுதி முடித்த திட்டத்தைச் சோதித்தற்கு நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களே போதும். ‘மற்றொன்று விரித்தல்’ என்பது தலைப்பைவிட்டு இந்தியர் குடியேற்ற வரலாறு முழுவதையும் ஐந்து பக்கம் எழுதுதல். ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்பது நுண்மையான ஆய்வு, ஆழமான நோக்கு என்று பொருளற்ற அடைமொழிகளை அடுக்குதல். ‘மாறுகொளக் கூறல்’ என்பது வினாவில் ஒரு பள்ளி என்று கூறி, முறையில் பத்துப் பள்ளிகளைக் கூறுதல். ‘சென்று தேய்ந்திறுதல்’ என்பது முன்னுரையை மிகச் சிறப்பாக எழுதி, ஆய்வு முறையை நான்கு வரியில் முடித்தல். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவற்றை விளக்க வேண்டுவதில்லை; தம் எழுத்தின்மேல் அவற்றைச் செலுத்திப் பார்க்கும் துணிவே வேண்டும்.

நெறியாளருக்கு எழுதும் கடிதமும் ஒரு கலையே. ‘என் திட்டம் எப்படி உள்ளது?’ என்று கேட்டால் ‘திருத்துக’ என்றுதான் விடை வரும். ‘கால எல்லையை 1969-இல் நிறுத்தியது சரியா? பதிவேட்டில் மூன்றாண்டுப் பக்கங்கள் இல்லை. வாய்மொழிச் சான்று அதற்கு ஈடாகுமா?’ என்று கேட்டால், நெறியாளரால் பயனுள்ள விடை தர முடியும். மின்னஞ்சல் நொடியில் போய்ச் சேருவதால் சிந்தியாமல் எழுதும் பழக்கமும் நம்மிடம் வளர்ந்துவிட்டது. கப்பல் அஞ்சலுக்குக் காத்திருந்த அக்கால மாணவர், ஒரு கடிதத்தில் கேட்க வேண்டியவற்றையெல்லாம் எண்ணி எண்ணி எழுதினர். அப்பழக்கத்தை நாம் மீட்டுக்கொள்ளலாம்.

அருகில் இருப்பவர் யார்?

தொலைக் கல்வி என்ற சொல்லிலேயே ஒரு குறை தொனிக்கிறது. பல்கலைக் கழகத்தை நடுவாக வைத்து அளந்தால் நாம் தொலைவில் இருப்பவர்கள்தாம். ஆனால் சான்றுகளை நடுவாக வைத்து அளந்து பாருங்கள். தோட்டப் பள்ளியின் பதிவேட்டுக்கு அருகில் இருப்பவர் யார்? லயத்து வீடுகளில் வாழ்ந்த முதியோரின் மொழியை அவர்தம் பேச்சு வழக்கிலேயே புரிந்துகொள்ளக் கூடியவர் யார்? வளாகத்தில் அமர்ந்த பேராசிரியரல்லர். இரவில் படிக்கும் அந்த ஆசிரியரே.

1957-இல் எண்ணூறுக்கு மேற்பட்டிருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேலாகக் குறைந்துள்ளன. மூடப்பட்ட பள்ளிகளின் பதிவேடுகள் எங்கே போயின? சில மற்றப் பள்ளிகளுக்குச் சென்றிருக்கலாம். சில கரையானுக்கு இரையாகியிருக்கலாம். சில பழைய தாளோடு எடைக்குப் போயிருக்கலாம். அவற்றுள் பயின்ற தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. 1924-இல் தோன்றிய தமிழ் நேசனும் 2019-இல் நின்றுவிட்டது. இனி நாம் தயங்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சான்று மறையும் ஆண்டாகும்.

ஆகவே ஆய்வுத் திட்டத்தின் முன்னால் திகைத்து நிற்கும் ஆசிரியர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. பெரிய தலைப்பைத் தேடித் தொலைதூரம் போக வேண்டா. உங்கள் பள்ளியின் நிலைப்பேழையைத் திறவுங்கள். அங்கே உள்ள ஏட்டின் முதற் பக்கத்தைப் படியுங்கள். உங்களால் விடை கூற முடியாத ஒரு வினா அதில் எழும். அதனை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். உங்கள் ஆய்வுத் திட்டத்தின் முதல் வாக்கியம் அதுவே.